நம் தரிசு நிலங்களும் நாம் மறந்த மரங்களும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்ட பின்னர் பேச எழுபவனுக்குச் சபையின் பொறுமை எவ்வளவு மிச்சமிருக்கும் என்பதை நான் அறிவேன். ஆயினும் நான் பேசவிருப்பதும் ஒரு கணக்குதான். நம் ஒவ்வொருவரின் வீட்டு இரும்புப் பெட்டியிலும் பட்டாவாக உறங்கிக் கொண்டிருக்கும் நிலத்தின் கணக்கு அது.

இந்த மண்டபத்தில் அமர்ந்திருப்போரில் பெரும்பாலோருக்கு ஊருக்கு வெளியே ஓர் ஏக்கரோ இரண்டு ஏக்கரோ புஞ்சை உண்டு. நம் பாட்டன்மார் அதில் வரகும் கேழ்வரகும் விதைத்தார்கள். நம் தந்தையர் கடல் கடந்தார்கள். நாமும் கடந்தோம். ஏர் பூட்ட ஆளில்லாமற் போன நிலத்தில் சீமைக் கருவேலம் தானாக வந்து குடியேறியது. இன்று அந்நிலங்களின் எல்லைக் கல்லைக் காண வேண்டுமானால் அரிவாளோடுதான் உள்ளே நுழைய வேண்டும். அவற்றை மீண்டும் உயிருள்ள நிலமாக ஆக்க இயலுமா, இயலுமென்றால் எவ்வாறு என்பதே இன்று எனக்குத் தரப்பட்டுள்ள தலைப்பு.

வந்த மரத்தின் வரலாறு

சீமைக் கருவேலம் நம் மண்ணின் மரமன்று. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வடபகுதி ஆகியவையே அதன் தாயகம். 1870களில் ஆங்கில அரசு அதன் விதைகளை இந்தியாவிற்குக் கொணர்ந்தது. வறண்ட நிலத்தில் விறகுக்கு ஆகும் என்பதே நோக்கம். பின்னர் வேலிக்காகவும் அடுப்பெரிக்கவும் நாமே அதைப் பரப்பினோம். அதன் முற்றிய நெற்று இனிப்பானது. ஆடும் மாடும் அதை விரும்பித் தின்னும். கடினமான தோலுடைய விதை செரியாமல் சாணத்தோடு வெளியேறி, எருவோடு சேர்ந்தே முளைத்துவிடும். மேய்ச்சல் விலங்கு போகுமிடமெல்லாம் அம்மரமும் போயிற்று.

இம்மரத்தைப் பற்றிச் சில வதந்திகளும் உலவுகின்றன. அது உயிர்வளியை வெளியிடாது, அதன் நிழலில் கட்டிய மாடு மலடாகும் என்றெல்லாம் கைப்பேசியில் செய்திகள் வருகின்றன. பச்சை இலையுடைய எந்த மரமும் உயிர்வளியை வெளியிடத்தான் செய்யும். பொய்யான குற்றம் எதற்கு? மெய்யான குற்றமே போதுமானது. அதன் வேர் மிக ஆழமாகச் செல்லும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் சுரங்கம் வெட்டியபோது, இதன் நெருங்கிய உறவான ஒரு மரத்தின் வேர் 50 மீட்டருக்கும் கீழே காணப்பட்டது. அது அடர்ந்து புதராகும்போது கீழே புல் முளைப்பதில்லை, நாட்டு மரத்தின் கன்று எழுவதில்லை. கண்மாயின் உட்பரப்பிலும் வரத்துக் கால்வாயிலும் நிறைந்து நீரோட்டத்தைத் தடுக்கிறது. இவையே அதன் மீதுள்ள உண்மையான வழக்கு.

நன்மையையும் மறைக்கக் கூடாது. மழை பொய்த்த ஆண்டுகளில் நம் மாவட்டத்தின் பல்லாயிரம் ஏழைக் குடும்பங்களுக்குக் கரிமூட்டம் போட்டுக் கஞ்சி வார்த்தது இந்த மரந்தான். இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பிறகு இவ்விடத்திற்கே திரும்பி வருவேன்.

நான் செய்த தவறு

பிறருக்கு உபதேசம் செய்யுமுன் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தந்தை விட்டுச் சென்ற நான்கு ஏக்கர், உடன்பிறந்தோர் ஐவருக்கும் பொதுவாகக் கிடந்தது. 2015ஆம் ஆண்டு கோடையில், எவரையும் கலந்து கொள்ளாமல், மண் அள்ளும் இயந்திரம் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி மூன்றே நாட்களில் நிலம் முழுவதையும் துடைத்து எடுத்தேன். வெறும் மண்ணைக் கண்டதும் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி. நிழற்படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். சற்று நேரத்தில் துபாயிலிருந்து அவன் பேசினான்.

“காக்கா, வடமேற்கு மூலையில் நின்ற வன்னி இரண்டும் எங்கே?”

நான் பதில் சொல்ல இயலாமல் நின்றேன். களை பறிக்கும் நாட்களில் எங்கள் தாயார் சோற்றுச் சட்டியை இறக்கி வைத்து எங்களுக்குப் பிசைந்து கொடுத்தது அந்த வன்னியின் நிழலில்தான். இயந்திரம் ஓட்டிய பிள்ளைக்கு எல்லாம் முள்மரந்தான். எது வன்னி, எது சீமைக் கருவேலம் என்று நான் காட்டிக் கொடுக்கவில்லை. குற்றம் அவனுடையதன்று.

அந்த ஆண்டு மழை நன்றாகப் பெய்தது. முந்நூறு கன்றுகள் நட்டேன். ஆனால் கிளறிவிட்ட மண்ணில் புதைந்து கிடந்த சீமைக் கருவேல விதைகளும் அதே மழையில் ஆயிரக்கணக்கில் முளைத்தன. மறு ஆண்டு, 2016இல், தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 60 விழுக்காட்டிற்கும் மேல் குறைந்து போனது. 2017 கோடையில் போய்ப் பார்த்தபோது என் கன்றுகள் அனைத்தும் கருகியிருந்தன. சீமைக் கருவேலம் மட்டும் தோளுயரம் நின்றது. பணமும் போயிற்று, வன்னியும் போயிற்று, உடன்பிறந்தோரின் மனமும் நொந்தது.

அதே 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இம்மரங்களை அகற்ற ஆணையிட்டதும், ஊர்தோறும் இயந்திரங்கள் முழங்கியதும் உங்கள் நினைவில் இருக்கும். அவ்வாறு துடைத்து எடுத்துவிட்டு அப்படியே விட்ட இடங்கள் என்னவாயின என்பதை நம் ஊர்ச் சாலையோரத்திலேயே காணலாம். அகற்றுவது பாதி வேலை கூட அன்று. அகற்றிய இடத்தில் வேறொன்றை வாழ வைப்பதே வேலை.

ஒரு மனிதர் வளர்த்த காடு

மனம் தளர்ந்திருந்த அந்நாட்களில், கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் அப்துல் கரீம் என்பவர் வளர்த்த காட்டைப் பற்றி விரிவாக அறிந்தேன். 1977இல் அவர் புளியங்குளம் என்னும் இடத்தில் ஐந்து ஏக்கர் வறண்ட செம்பாறை நிலத்தை வாங்கினார். புல்லும் முளைக்காத மேட்டில் பணத்தைக் கொட்டுகிறாரே என்று ஊரார் நகைத்தனர். தொலைவிலிருந்து தம் இருசக்கர வண்டியில் கலன்களில் நீர் கொணர்ந்து ஊற்றினார். முதலில் நட்ட கன்றுகள் மடிந்தன. மீண்டும் நட்டார். மூன்றாம் ஆண்டில்தான் கன்றுகள் வேர் பிடித்தன. அதன் பின்னர் பறவைகள் வந்தன. பறவைகள் விதைகளைக் கொணர்ந்தன. மேலும் நிலம் வாங்கி 32 ஏக்கராக விரித்தார். வறண்டு கிடந்த கிணற்றில் நீர் ஊறியது. உதிர்ந்த இலையையும் அள்ளாமல், கிளையையும் வெட்டாமல், காட்டைக் காடாகவே விட்டார்.

காசர்கோட்டில் பெய்யும் மழை நம் மாவட்டத்தில் பெய்வதைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. நமக்கு ஆண்டிற்குச் சுமார் 800 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆகவே அவருடைய மரங்களை நாம் நகல் எடுக்க இயலாது. அவரிடமிருந்து எடுத்துக் கொள்ள வேண்டியது, முதல் இரண்டு ஆண்டுத் தோல்வியைத் தீர்ப்பாக எண்ணாத உறுதியை.

நம் பக்கத்து வானிலைக்குப் பொருந்தும் சான்று ஒன்றும் உண்டு. புதுச்சேரிக்கு அருகே ஆரோவில் 1968இல் தொடங்கப்பட்டபோது அந்த மேட்டு நிலம் மழையால் அரிக்கப்பட்ட செம்மண் பொட்டலாக இருந்தது. அங்கே முதலில் வரப்பெடுத்து மழைநீரை நிறுத்தினார்கள். விரைந்து வளரும் வெளிநாட்டு வேல மரங்களை நிழலுக்காக நட்டார்கள். அந்நிழலில் சோழமண்டலக் கரையின் பழைய காட்டு மரங்களை வளர்த்தார்கள். வறண்ட பசுமைமாறாக் காடு என்று தாவரவியலார் வகைப்படுத்தும் காடு அது. அதன் எஞ்சிய துண்டுகள் பெரும்பாலும் கிராமத்துக் கோயில் காடுகளில்தான் பிழைத்திருந்தன. விதைகள் அங்கிருந்தே திரட்டப்பட்டன. 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் அடித்தபோது வெளிநாட்டு வேல மரங்கள் பெருமளவில் சாய்ந்தன. மெதுவாக வளர்ந்த நாட்டு மரங்கள் அவற்றினும் நன்கு தாக்குப் பிடித்தன. கடற்கரையில் வாழும் நமக்கு இது சிந்திக்கத்தக்க செய்தி.

மரத்தை அறிந்து கொள்ளுங்கள்

இரண்டாம் முறை தொடங்குமுன் ஒரு பருவம் முழுவதும் எதையும் வெட்டாமல் நிலத்தைச் சுற்றி வந்தேன். முட்புதருக்குள் ஆங்காங்கே வேம்பு, உடை, இலந்தை, காரை, சங்கஞ்செடி ஆகியவை ஒளிந்து வாழ்ந்தன. ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துணி கட்டினேன். அவை நாம் நடாத மரங்கள். வேர் பிடித்த மரங்கள். அவற்றைக் காப்பது நூறு கன்று நடுவதற்குச் சமம்.

இளைஞர்கள் அடையாளம் தெரிந்து கொள்ள வேண்டும். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் நிறத்தில் உருண்டையாக இருக்கும். அதன் நெற்று மணி கோத்தாற்போல் விதைக்கு விதை இடுங்கியிருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ நீண்ட கதிராகத் தொங்கும். வன்னியின் பூவும் கதிர்தான். ஆகவே அங்கே முள்ளைப் பாருங்கள். சீமைக் கருவேலத்தில் கணுவிலிருந்து இரண்டிரண்டாக முள் கிளம்பும். வன்னியில் கணுக்களுக்கு இடையே சிறு முட்கள் சிதறியிருக்கும். இரண்டையும் தாவரவியலார் நெடுங்காலம் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள் என்றால், இயந்திரம் ஓட்டிய பிள்ளை ஏமாந்ததில் வியப்பில்லை.

அமீரகத்தில் பணியாற்றிய சகோதரர்களுக்கு ஒரு செய்தி. அங்கே பாலைவனத்தில் காஃப் என்று போற்றப்படும் மரம், 2019ஆம் ஆண்டைச் சகிப்புத்தன்மை ஆண்டாக அறிவித்தபோது அந்நாடு தன் சின்னமாகக் கொண்ட மரம், நம் வன்னியேதான். ராஜஸ்தானின் மாநில மரமும் அதுவே. அங்கே அதற்கு வேலியிட்டுக் காக்கிறார்கள். இங்கே அதை நான் இயந்திரத்தால் பெயர்த்தேன்.

மற்றொன்று உகாய். சங்க நூல்கள் அறிந்த பெயர் அது. உப்பு மண்ணிலும் தழைக்கும். நாம் பல் துலக்கும் மிஸ்வாக் குச்சி அந்த மரத்தின் வேரிலிருந்தும் கிளையிலிருந்தும் எடுக்கப்படுவதே. நம் கடற்கரைக்கு உரிய அந்த மரம் நம் புதர்களுக்குள் கேட்பாரற்று நிற்க, உறையிலிட்ட குச்சியைக் கடையில் விலை கொடுத்து வாங்குகிறோம்.

செய்யும் முறை

என் அனுபவத்தில் சரியாக வந்த முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, நீர். ஆவணிக்குள் வரப்புகளை உயர்த்தி, தாழ்ந்த மூலையில் ஒரு சிறு குட்டை வெட்டிவிட வேண்டும். பெய்யும் மழை நம் எல்லைக்குள் நிற்காவிடில் நடுவது வீண்.

இரண்டாவது, பகுதி பகுதியாக அகற்றல். நான் ஆண்டிற்கு நாற்பது சென்ட்டிற்கு மேல் தொடுவதில்லை. தரைமட்டத்தில் வெட்டினால் சீமைக் கருவேலம் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். மழை பெய்து மண் இளகிய பின், வேர்க்கழுத்திற்குக் கீழே ஓரடி ஆழத்திற்குத் தோண்டி எடுக்க வேண்டும். அதன் பின் முளைக்கும் கன்றுகளை ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கையால் பிடுங்க வேண்டும். பூப்பதற்கு முன் பிடுங்கினால் விதை வளராது. இது ஓராண்டில் தீரும் வேலையன்று. விதை மண்ணில் பல ஆண்டுகள் உறங்கும்.

மூன்றாவது, வேலி. வெட்டிய முட்கிளைகளையே சுற்றிலும் அடுக்கினால் ஆடு உள்ளே வராது. அது மக்குவதற்குள் கிளுவைப் போத்துகளை ஊன்றி உயிர்வேலி ஆக்கிவிடலாம்.

நான்காவது, நடவு. எல்லையில் பனங்கொட்டைகளை ஊன்றுங்கள். அதற்கு நீரூற்ற வேண்டியதில்லை. வெயிலைத் தாங்கும் வேம்பு, உடை, வெள்வேல், வன்னி ஆகியவை முதலில். உப்பேறிய பகுதியில் உகாய், பூவரசு, புங்கம். இடைவெளியில் ஆவாரை, விராலி, கொழிஞ்சி ஆகியவற்றை விதைத்துவிடலாம். இவை மண்ணை மூடிக் காக்கும். கொழிஞ்சி மண்ணிற்குத் தழைச்சத்தும் தரும். மூன்று ஆண்டுகளில் ஓரளவு நிழல் உண்டான பின்னர், மெதுவாக வளரும் உலக்கைப் பாலை, வீரை, இலுப்பை ஆகியவற்றை அந்நிழலில் நட வேண்டும். குட்டைக் கரையில் நாவலும் மருதும் நிற்கும். இவற்றை முதல் ஆண்டிலேயே வெட்டவெளியில் நட்டதுதான் 2015இல் நான் செய்த மற்றொரு பிழை.

ஐந்தாவது, இரண்டு கோடைகளுக்கு நீர். வாரம் ஒரு குடம் போதும். அடியில் சருகு மூடாக்கு இட வேண்டும். அதற்கு மேல் வைத்துப் பழக்கினால் மரம் சோம்பிவிடும்.

வேப்பம் விதையைப் பற்றி ஒரு சொல். அது சில வாரங்களிலேயே முளைக்கும் திறனை இழந்துவிடும். ஆடியில் பொறுக்கிப் பரணில் வைத்துப் பின்னர் விதைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். பழம் உதிரும் பருவத்திலேயே சதையை நீக்கி விதைத்துவிடுங்கள்.

கரிமூட்டம் போட்டவர்களின் கேள்வி

இரண்டாம் முறை வேலை தொடங்கிய அன்று, பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மூதாட்டி வந்தார். பல ஆண்டுகளாக எங்கள் நிலத்தில் விறகு வெட்டிப் பிழைத்தவர். “ஐயா, உங்க பாட்டன் காலத்து மரம் வேணும்னு இதைத் தோண்டுறீக. சரி. எங்க வீட்டு அடுப்புக்கு நாங்க எங்கே போறது?” என்று கேட்டார். கணவரை இழந்தவர். எங்கள் நிலத்தில் எங்களை விட அதிக நாட்கள் நின்றவர். எனக்குத் தெரிந்த அறிவியலில் அக்கேள்விக்கு விடை இல்லை.

அதனால்தான் பகுதி பகுதியாக அகற்றும் முறை வந்தது. அகற்றாத பகுதி அவருக்கும் அவர் உறவினருக்கும் விறகுக்கு விடப்பட்டது. தோண்டிய மரம் முழுவதும் அவர்களுக்கே. கன்று பிடுங்கவும் நீர் ஊற்றவும் அவர்களுக்கே கூலி. முளைத்த நாளிலேயே சீமைக் கருவேலக் கன்றை அடையாளம் காணும் கண் அவருக்கு உண்டு. எனக்கு இன்னும் இல்லை. பறவைகளுக்கும் இம்முறையே ஏற்றது. நம் பக்கத்து நீர்ப்பறவைகள் கருவேலத்திலும் சீமைக் கருவேலத்திலும் கூடு கட்டுகின்றன. வேறு மரம் எழுமுன் உள்ளதையெல்லாம் சாய்த்தால் அவை எங்கே போகும்?

ஆறு பருவங்களில் இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட் மாறியிருக்கிறது. நட்டவற்றில் ஏறத்தாழப் பாதி பிழைத்தன. கிணற்று நீர் உயர்ந்ததா என்று கேட்கிறார்கள். இவ்வளவு சிறிய நிலத்தை வைத்து அவ்வாறு சொல்ல நான் துணியவில்லை. வரப்பிற்குள் மழைநீர் நான்கைந்து நாள் நின்று இறங்குகிறது, புல் முளைக்கிறது, கவுதாரி கூப்பிடுகிறது. இவற்றைக் கண்ணால் கண்டேன். இடம் பெயர்ந்து போன வன்னியின் வேர் ஒன்று மண்ணுக்குள் தப்பியிருந்து துளிர்விட்டிருக்கிறது. என் தம்பி கடந்த விடுமுறையில் வந்து அதைச் சுற்றித் தன் கையால் முள் அடைத்தான். முன்பு நடந்ததைப் பற்றி அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

ஜமாஅத்திற்கு மூன்று வேண்டுகோள்கள்

முதல் வேண்டுகோள்: பாகம் பிரியாத நிலமாயின், சகோதரிகள் உட்பட வாரிசுகள் அனைவரின் சம்மதத்தையும் எழுத்தில் பெற்ற பின்னரே தொடங்குங்கள். நான் பெறாமல் தொடங்கினேன். மரம் வளர இருபது ஆண்டுகள் ஆகும். நடுவில் ஒருவர் தம் பங்கை மனையாக விற்க விரும்பினால் எல்லாம் பாழ். எந்தப் பகுதி மரத்திற்கு, எந்தப் பகுதி பிள்ளைகளின் எதிர்காலத் தேவைக்கு என்று முன்கூட்டியே பிரித்துக் கொள்வது நலம்.

இரண்டாவது: நம் மையவாடியின் கிழக்குச் சுவரோரம் உகாயும், முதிய வேம்பும், இலுப்பையும் நிற்கின்றன. பல தலைமுறைகள் கை வைக்காமல் விட்ட மரங்கள் அவை. அவற்றின் விதைகளைத் திரட்டி, மதரஸா மாணவர்களைக் கொண்டு ஒரு சிறு நாற்றங்கால் அமைக்க நிர்வாகக் குழு இடம் ஒதுக்க வேண்டும். இதற்கென நன்கொடை எதுவும் கேட்கவில்லை. பள்ளியின் ஒளூச் செய்த நீர் வீணே வாய்க்காலில் ஓடுகிறது. அதைத் திருப்பிவிட்டாலே போதும்.

மூன்றாவது: தரிசாக நிலம் வைத்திருப்போர் தம் பெயரையும் பரப்பையும் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். தமிழக அரசு 2022இல் அயல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கெனக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. அதே ஆண்டில் பசுமைத் தமிழகம் இயக்கத்தையும் தொடங்கியது. தனித்தனியே அலைவதைக் காட்டிலும் பத்துப் பேராகச் சேர்ந்து வனத்துறையை அணுகினால், கன்றும் ஆலோசனையும் கேட்டுப் பெறுவது எளிதாகும்.

சகோதரர்களே! நாம் அயலகத்தில் உழைத்துக் கட்டிய வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. அவற்றைப் பார்த்துக் கொள்ள ஆள் வைத்திருக்கிறோம். நிலத்தைப் பார்த்துக் கொள்ள எவரையும் வைக்கவில்லை. ஆகவே வேண்டாத ஒன்று வந்து அதைப் பார்த்துக் கொண்டது. அதைத் திட்டுவதில் பயனில்லை. வருகிற ஐப்பசிக்குள் ஒவ்வொருவரும் தம் நிலத்தை ஒரு முறையேனும் நடந்து சுற்றி வாருங்கள். கையில் ஒரு முழம் வெள்ளைத் துணி எடுத்துச் செல்லுங்கள். எதையும் வெட்ட வேண்டாம். காக்க வேண்டியது ஏதேனும் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். நின்றால் துணியைக் கட்டுங்கள். மற்றவற்றைப் பிறகு சேர்ந்து செய்வோம், இன்ஷா அல்லாஹ்.